உடல் என்னும் அமானிதம்

"எழுதிய ஆயுள் எழுதியபடிதான் முடியும். அப்படியிருக்க, இந்தப் பத்தியமும் நடையும் மாத்திரையும் எதற்கு?"

நம் வீடுகளில் இக்கேள்வி கேட்கப்படாத நாளே இல்லை எனலாம். சர்க்கரை கூடியிருக்கிறது என்று டாக்டர் சொல்லியனுப்பிய அன்றே, விருந்து வீட்டு வட்டிலாப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தபடி இதைக் கேட்பவர் உண்டு. உண்மையான ஈமானோடு, அல்லாஹ்வின் மீது பாரத்தைச் சாட்டியவராகக் கேட்பவரும் உண்டு. முன்னவருக்குப் பதில் தேவையில்லை. அவர் வட்டிலாப்பத்துக்காகக் கேட்கிறார். பின்னவருக்குப் பதில் சொல்லும் கடமை ஓதியவர்களாகிய நம்மீது இருக்கிறது. அக்கடமையை நாம் ஒருமுறை தவறவிட்டோம். அதையும் மறைக்காமல் பின்னால் சொல்லப்போகிறோம்.

முதலில் கேள்விக்கு வருவோம். இது புதிய கேள்வியன்று. நம்மைவிட ஆயிரம் மடங்கு ஈமானில் உயர்ந்தவர்கள் கேட்டு, அவர்களைப் போன்றவர்களே பதில் சொன்ன கேள்வி.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஷாம் நாட்டில் அம்வாஸ் என்னும் ஊரை ஒட்டிக் கொள்ளைநோய் பரவிற்று. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டை, அதாவது கி.பி. 639ஐ ஒட்டிய நிகழ்ச்சி அது. மதீனாவிலிருந்து ஷாமை நோக்கி வந்துகொண்டிருந்த கலீஃபா அவர்களை 'ஸர்க்' என்னுமிடத்தில் படைத்தலைவர்கள் எதிர்கொண்டு செய்தியைத் தெரிவித்தார்கள். கலீஃபா அவர்கள் முதலில் முஹாஜிர்களைக் கூட்டி ஆலோசித்தார்கள். கருத்து இரண்டாகப் பிரிந்தது. அன்ஸாரிகளைக் கூட்டினார்கள், அங்கும் அப்படியே. பிறகு குறைஷிகளில் மூத்தவர்களை அழைத்தார்கள். திரும்பிவிடுவதே நல்லது என்று அவர்கள் ஒருமுகமாகச் சொன்னார்கள். காலையில் திரும்பிப் போவதாக அறிவிப்புச் செய்யப்பட்டது. அப்போதுதான் அபூஉபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின்பால்தான் போகிறோம் என்னும் கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை பசுமையாகவும் மறுகரை வறண்டும் கிடந்தால், ஒட்டகத்தைப் பசுங்கரையில் மேயவிடுவதும் அவன் விதிதான், வறண்ட கரையில் மேயவிடுவதும் அவன் விதிதான் அல்லவா என்று உவமையும் காட்டினார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், இருக்கும் ஊரில் பரவினால் அதைவிட்டு வெருண்டோடவும் வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டதை அறிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி.

அபூஉபைதா (ரலி) அவர்கள் சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் சொல்லப்பட்ட பதின்மரில் ஒருவர். அன்னார் தம் படையை விட்டு நீங்காமல் அங்கேயே தங்கி, அந்த நோயிலேயே வஃபாத்தானார்கள். உமர் (ரலி) அவர்கள் நுழையாமல் திரும்பியதும், அபூஉபைதா (ரலி) அவர்கள் வெளியேறாமல் தங்கியதும் ஒரே ஹதீஸின் இரண்டு பாதிகள். இருவரும் கத்ரை நம்பியவர்கள்தாம். ஆனால் கத்ரைச் சொல்லித் தம்மீது கடமையான காரியத்தை விட்டவர் இருவரில் ஒருவருமில்லை. ஆயுளின் அளவு நமக்கு மறைக்கப்பட்டது. அந்த ஆயுளில் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டுமே நமக்குச் சொல்லப்பட்டது. நம்மிடம் கணக்குக் கேட்கப்படுவதும் இரண்டாவதைப் பற்றித்தான்.

மேலும், நீண்ட ஆயுளை விரும்புவது உலக ஆசை என்று எண்ணுவோரும் உண்டு. அப்படியன்று. மனிதரில் சிறந்தவர் யார் என்று கேட்கப்பட்டபோது, ஆயுள் நீண்டு அமலும் அழகானவரையே நாயகம் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டதாகத் திர்மிதியில் வருகிறது. துன்பத்தைக் கண்டு மரணத்தை வேண்டுவதையும் தடுத்தார்கள். ஆரோக்கியத்தையும் ஓய்வையும் மனிதரில் பலர் நஷ்டப்படுத்திக்கொள்ளும் இரண்டு நிஃமத்துகள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் ஹதீஸை நாம் அறிவோம். வியாபாரம் செய்யும் சமுதாயத்துக்கு நஷ்டம் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை.

இனி, உடல் அமானிதம் என்பதை ஸஹாபாக்கள் எப்படி விளங்கினார்கள் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களையும் அபுத்தர்தா (ரலி) அவர்களையும் நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்து வைத்திருந்தார்கள். ஸல்மான் (ரலி) அவர்கள் சகோதரரைப் பார்க்கச் சென்றபோது, அந்த வீட்டுப் பெண்மணி அலங்காரமின்றி எளிய உடையில் இருப்பதைக் கண்டு காரணம் வினவினார்கள். அபுத்தர்தாவுக்கு இவ்வுலகில் எந்தத் தேவையும் இல்லை என்று பதில் வந்தது. பிறகு உணவு வந்தது. தாம் நோன்பு என்று அபுத்தர்தா (ரலி) அவர்கள் சொல்ல, நீர் உண்ணாதவரை நானும் உண்ணமாட்டேன் என்று விருந்தாளி மறுத்துவிட்டார். இரவில் அவர்கள் தொழ எழுந்தபோதெல்லாம் ஸல்மான் (ரலி) அவர்கள் உறங்கச் சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதியில்தான், இப்போது எழுவோம் என்று எழுப்பி இருவரும் சேர்ந்து தொழுதார்கள். ரப்புக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய ஹக்கை அவரவருக்குக் கொடுத்துவிடும்படி சகோதரருக்கு எடுத்துச் சொன்னார்கள். காலையில் வழக்கு நாயகம் (ஸல்) அவர்களிடம் போனபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்று தீர்ப்பாயிற்று.

உடலின் ஹக்கைப் பறித்தது அங்கே வணக்கம். வணக்கத்தின் பெயராலேயே பறிக்கக் கூடாதென்றால், நெய்ச்சோற்றின் பெயரால் பறிப்பதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

வயிறு

மனிதன் நிரப்பும் பாத்திரங்களிலெல்லாம் கெட்டது வயிறு. முதுகை நிமிர்த்திவைக்கும் அளவுக்குச் சில கவளங்கள் போதும். மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு பானத்துக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு. மிக்தாம் பின் மஃதீகரிப் (ரலி) அவர்கள் ரிவாயத்துச் செய்யும் ஹதீஸின் கருத்து இது. இதை நாம் மேடையில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! சொல்லிவிட்டு இறங்கியதும் ஆலிம்களுக்கென்று தனியாக விரிக்கப்பட்ட ஸஹனில் அமர்ந்து, மூச்சுக்குரிய பங்கையும் சேர்த்தே நிரப்பியிருக்கிறோம். நம் வர்க்கத்தாரின் தொந்தியே இந்த ஹதீஸுக்கு எதிர்ச்சாட்சியாக இருக்கிறது என்று ஒரு பெரியவர் முகத்துக்கு நேரே சொன்னார். கோபம் வந்தது. பதில் வரவில்லை.

ஸஹன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இருவர் உணவு மூவருக்குப் போதும், மூவர் உணவு நால்வருக்குப் போதும் என்பது நபிமொழியின் கருத்து. பலர் ஒரே தட்டில் கைவைத்து உண்பதில் இந்தப் பரக்கத்தை நாடித்தான் நம் கடலோர ஊர்களில் முன்னோர் ஸஹன் முறையைப் பேணினார்கள். இன்று என்ன நடக்கிறது? நால்வர் உண்ணக்கூடிய ஸஹன் இருவர் முன்னே வைக்கப்படுகிறது. அது பாதி தீருமுன் "இன்னும் கொஞ்சம் களறிக்கறி" என்று வாளி வருகிறது. வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் மனம் நோகுமாம். மிஞ்சியது குப்பைக்குப் போகிறது. மிஞ்சாதது உடலில் தங்குகிறது. இரண்டும் வீண்விரயம்தான். முதலாவது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே.

ஸஹ்ல் பின் ஸஃது (ரலி) அவர்களிடம், நாயகம் (ஸல்) அவர்கள் சலித்தெடுத்த வெள்ளை மாவில் உண்டார்களா என்று கேட்கப்பட்டது. நபித்துவம் கிடைத்தது முதல் வஃபாத்தாகும் வரை அவர்கள் அத்தகைய மாவைக் கண்டதேயில்லை என்று பதிலளித்தார்கள். சல்லடை இல்லாமல் வாற்கோதுமையை எப்படி உண்டீர்கள் என்று மீண்டும் கேட்டார்கள். அரைப்போம், ஊதுவோம், பறப்பது பறக்கும், மீதியைப் பிசைந்து உண்போம் என்னும் கருத்தில் சொன்னார்கள். இதுவும் புகாரியில் உள்ளது. தவிட்டில் இருக்கும் நார்ச்சத்தைப் பற்றி இன்றைய டாக்டர்கள் சொல்வதை அந்த நாள் மக்கள் அறிந்து அப்படி உண்ணவில்லை; கிடைத்ததை உண்டார்கள். சுன்னத்துக்கு மேல்நாட்டு நற்சான்றுப் பத்திரம் தேடி அலைவது நமக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அந்தச் சல்லடையற்ற வீட்டையும், இரவு பதினொரு மணிக்குச் சால்னாவில் மைதாப் பரோட்டாவைப் பிய்த்துப் போடும் நம் தெருவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

தேநீர்க் கணக்கு ஒன்றையும் பெண்மக்கள் போட்டுப் பார்க்கட்டும். ஒரு குவளைக்கு இரண்டு சிறுகரண்டிச் சர்க்கரை. நாளொன்றுக்கு ஐந்து குவளை. ஆக பத்துக் கரண்டி. கரண்டி 4 கிராம் என்றாலும் 40 கிராம் ஆயிற்று. வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பதே நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது. அதாவது தொதல், வட்டிலாப்பம், சர்பத் எதையும் தொடாமலே எல்லையைத் தாண்டிவிட்டோம். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ல் வெளியிட்ட கணக்கில் நம் வீடுகளும் அடக்கம்.

வெற்றிலையோடு புகையிலை, பீடி, சிகரெட் இவற்றைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. மக்ரூஹா, ஹராமா என்று விவாதித்துக்கொண்டே ஊதி முடித்தவர்களின் ஜனாஸாவை நாம் தொழ வைத்திருக்கிறோம்.

நடையும் உறக்கமும்

பனூ ஸலிமா கூட்டத்தாரின் வீடுகள் மஸ்ஜிதுந் நபவிக்குத் தொலைவில் இருந்தன. பள்ளிக்கு அருகே குடிபெயர அவர்கள் விரும்பினார்கள். இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். இன்று நம் பள்ளிவாசல் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களை எண்ணிப் பாருங்கள். இருநூறு கஜம் தாண்டாத வீட்டிலிருந்து வருபவை எத்தனை! எழுதப்பட வேண்டிய காலடிகளைப் பெட்ரோல் ஊற்றி அழித்துக்கொண்டு வருகிறோம்.

நாயகம் (ஸல்) அவர்கள் சனிக்கிழமைதோறும் குபா பள்ளிக்குச் செல்வார்கள், சில வேளை வாகனத்தில், சில வேளை நடந்து. மஸ்ஜிதுந் நபவியிலிருந்து குபா சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் தொலைவு. மேட்டிலிருந்து இறங்குபவரைப் போன்ற விசையான நடை அவர்களுடையது என்று அலீ (ரலி) அவர்கள் வருணிக்கிறார்கள். ஆகவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைகடையாக நின்று பேசிச் செல்வதை நடை என்று கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு சற்று வேகப்படும்படி நடப்பது வயது வந்தோருக்குத் தேவை என்கிறார்கள். நாளொன்றுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள். ஸுப்ஹுக்குப் பின் கடற்கரை வரை போய்வந்தால் தீர்ந்தது.

இதனால் பயன் உண்டா என்பதற்குச் சென்னையிலிருந்தே சான்று இருக்கிறது. சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரைச் சில பிரிவுகளாக்கி மூன்றாண்டுகள் கவனித்து 2006ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 100க்கு 55 பேரை வியாதி பிடித்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் அது 39ஆகக் குறைந்தது. எல்லோரும் தப்பிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். காரணத்தைக் கையாள்வது நம் வேலை, முடிவு அவனிடம்.

பெண்கள் நடப்பதா என்று சிலர் புருவம் உயர்த்துவார்கள். பயணமொன்றில் நாயகம் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயமே ஓடினார்கள். அப்போது அன்னை அவர்கள் முந்தினார்கள். பின்னொரு காலத்தில் உடல் சற்றுப் பருத்திருந்தபோது ஓடியதில் நாயகம் (ஸல்) அவர்கள் முந்திவிட்டு, அதற்கு இது சரியாயிற்று என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். மூட்டு வலியால் நாற்காலியில் தொழும் நம் உம்மாக்கள் எத்தனை பேர்! நாற்பது வயதில் மொட்டை மாடியிலோ, பெண்கள் புழங்கும் முடுக்கிலோ அவர்களை நடக்கவிட்டிருந்தால் ஸஜ்தாவின் சுகத்தை இன்னும் சில வருடங்கள் அனுபவித்திருப்பார்கள். தொழுகையே போதுமான உடற்பயிற்சி என்று சிலர் பேசுகிறார்கள். தொழுகை இபாதத்து, அதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்ப்பது தொழுகைக்கும் மரியாதையன்று, உடலுக்கும் போதாது.

உறக்கத்தைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேச்சையும் நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்ததாக அபூபர்ஸா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இந்தப் பேச்சில் இப்போது கைப்பேசியும் சேரும். வயது வந்தோருக்கு இரவில் ஏழு மணி நேர உறக்கம் வேண்டும் என்கிறார்கள். பத்து மணிக்குப் படுத்தவருக்கு ஸுப்ஹு பாரமில்லை. ஒரு மணிக்குப் படுத்தவர் ஸுப்ஹுவை இழக்கிறார், அல்லது தொழுதுவிட்டுப் பத்துவரை உறங்கி அன்றைய நாளை இழக்கிறார். பகலில் சிறிது கண்ணயர்வது கைலூலா; ஸஹாபாக்கள் செய்துவந்தது. பிரியாணிக்குப் பின் இரண்டிலிருந்து அஸர் பாங்கு வரை குறட்டை விடுவதற்கு அரபியில் என்ன பெயரோ, கைலூலா அன்று.

மிஸ்வாக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஈறு கெட்டவருக்குச் சர்க்கரை கட்டுப்படுவது கடினம். சர்க்கரை கூடியவருக்கு ஈறு கெடுவது எளிது.

நாம் சொன்ன பதில்

இனி நாம் தவறவிட்ட கடமை.

2013ஆம் ஆண்டு. நாம் சனது வாங்கி ஊர் திரும்பிச் சில மாதங்களே ஆகியிருந்தன. தலைப்பாகையின் புதுக்கஞ்சி இன்னும் போகவில்லை. ஜூலை மாதக் கொதிக்கும் வெயிலில் ரமலான் வந்தது. நம் வாப்பா அவர்களுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை வியாதி. பிறை பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பு, இஷா தொழுது வந்து திண்ணையில் அமர்ந்தபடி கேட்டார்கள்: "தம்பி, டாக்டர் இந்த வருசம் நோன்பு வேண்டாம்ங்கிறார். மாத்திரையை நேரத்துக்குப் போடணுமாம். நீ ஓதினவன். நீ என்ன சொல்றே?"

நாம் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. நோன்பு பிடித்தால் சுகம் கிடைக்கும் என்று ஹதீஸ் இருக்கிறதே வாப்பா என்றோம். வயிறுதான் நோய்களின் வீடு, அதைக் காயப்போடுவதே தலையாய மருந்து என்றும் ஹதீஸ் இருக்கிறது என்றோம். வாப்பாவின் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. மகன் ஆலிமானதன் பலனை அன்றுதான் கண்டது போல் இருந்தார்கள்.

முதலாவது பலவீனமான அறிவிப்பு என்று ஹதீஸ் கலை இமாம்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டாவது ஹதீஸே அன்று. ஹாரிஸ் பின் கலதா என்னும் அரபு வைத்தியரின் சொல்லாக அறியப்பட்டது. இவ்விரண்டும் நமக்குப் பிறகுதான் தெரியவந்தன. தெரியாததைத் தெரிந்தது போல் சொன்னோம் என்பதே நம் குற்றம்.

வாப்பா அவர்கள் முப்பது நோன்பையும் விடாமல் பிடித்தார்கள். பகலில் போட முடியாத மாத்திரையை இரவில் மட்டும் எதற்கு என்று அடியோடு நிறுத்தியிருந்ததை உம்மாவும் அறியவில்லை. நோன்பு திறக்கையில் சர்பத்தும் வாடாவும் வட்டிலாப்பமும், ஸஹருக்குப் பரோட்டாவும் முறைப்படி நடந்தன. தராவீஹுக்குப் போய்வருகையில் செருப்பின் வார் உரசி வலதுகால் விரலில் சிறு புண். நெடுநாள் சர்க்கரை நரம்பின் உணர்வைக் கெடுத்துவிட்டால் புண் வலிக்காது. வலிக்காத புண்ணை எவரும் பார்ப்பதில்லை. இரத்த ஓட்டம் குறைந்த காலில் அது ஆறுவதுமில்லை. பெருநாள் தொழுகைக்குக் காலுறை போடப்போன போதுதான் விரல் கறுத்திருப்பதை உம்மா கண்டார்கள். பத்து நாட்களுக்குள் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் எடுக்கப்பட்டன. இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்றார்கள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த இரவில், மத்ரஸாவில் பாடமாக ஓதிய அபூதாவூதின் ஹதீஸ் ஒன்று நினைவுக்கு வந்தது. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்லடி பட்டுக் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்முமுக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை கிடையாது என்றார்கள். குளித்தார்; மரணமடைந்தார். செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபித்து, அவர்கள்தாம் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்னும் கருத்தில் பேசினார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா என்றும் கேட்டார்கள். பேச்சு, தண்ணீரில் குளித்தவரைப் பற்றியன்று. குளிக்கச் சொன்னவர்களைப் பற்றியது. அதை ஓதும்போது நாம் அவர்களில் ஒருவராவோம் என்று நினைத்ததில்லை.

நாம் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பை விட அனுமதி திருமறையிலேயே, நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்திலேயே இருக்கிறது. குணமாகும் நோயென்றால் பிறகு களா செய்வது. குணமாகுமென்ற நம்பிக்கையில்லாத நாட்பட்ட நோயென்றால் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு ஃபித்யா. உயிருக்கோ உறுப்புக்கோ சேதம் வரும் என்று நம்பத்தகுந்த வைத்தியர் சொன்னால், ஷாஃபியீ மத்ஹபில் நோன்பை விடுவதே கடமையாகிவிடும், பிடிப்பது பாவம். எல்லாச் சர்க்கரை நோயாளிக்கும் நோன்பு தடை என்று இதற்குப் பொருளன்று. பலர் மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொண்டு நன்றாகப் பிடிக்கிறார்கள். அதற்கு ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரிடம் போக வேண்டும். பிறை கண்ட பிறகு போய்ப் பயனில்லை. விரல் நுனியில் ஊசி குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பதால் நோன்பு முறியாது. அது 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும், மஃரிபுக்கு ஐந்து நிமிடமே இருந்தாலும், நோன்பை முறித்துவிட வேண்டும் என்கிறார்கள். நடுக்கமும் வேர்வையும் வந்து கண் இருளும்போது "இன்னும் கொஞ்ச நேரம்தானே" என்று பொறுத்திருப்பதில் நன்மை எதுவும் எழுதப்படுவதாக எந்தக் கிதாபிலும் நாம் பார்க்கவில்லை.

மகல்லாவின் இமாம்களுக்கும் ஒரு வார்த்தை. ஷஅபான் மாதத்து ஜும்ஆவில் நோன்பின் சிறப்பைச் சொல்லும்போதே இந்தச் சலுகையையும் அதே குரலில் சொல்லுங்கள். தாழ்ந்த குரலில் சொன்னால், அது பலவீனருக்குரியது என்று நம் பெரியவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். முகம் கருகி, முதுகு வளைந்து உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் எண்ணுவார்.

வாப்பா அவர்கள் நம்மை ஒரு சொல் கடிந்துகொண்டதில்லை. அதுவே நமக்குப் பாரம். விரலிழந்த பாதத்துக்கென்று தைத்த செருப்பில் இப்போதும் ஸுப்ஹுக்கு நடந்தே வருகிறார்கள். தேநீர் சர்க்கரையில்லாமல், இரவு உணவு இஷாவுக்கு முன், படுக்கப்போகுமுன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு உள்ளங்கால்களையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது ஒரு வழக்கமாகிவிட்டது.

நோன்பு பிடிப்பதில்லை. முதல் ரமலானில் கதவைச் சாத்திக்கொண்டு பகல் உணவை உண்டு, அழுதார்கள். இப்போது ஒரு முத்து கொள்ளும் தகரக் குவளை ஒன்று வைத்திருக்கிறார்கள். மாத ஃபித்யாவை மொத்தமாகக் கொடுத்துவிடலாமே என்று உம்மா சொல்லியும் கேட்பதில்லை. ஒவ்வொரு நாளும் ஸுப்ஹு தொழுது வந்ததும் அரிசிப் பானையைத் திறந்து, குவளையைத் தலைதட்டி அளந்து, பையில் கொட்டிக்கொண்டு முடுக்கின் கோடியிலுள்ள ஏழை வீடு வரை தாமே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வழியில் யாராவது இன்று எத்தனையாவது நோன்பு என்று கேட்டால், "எனக்குப் பதினாலு" என்கிறார்கள்.